முப்பத்தேழாம் எண் வீட்டில் ஆள் உண்டு

செப்டம்பர் 10, செவ்வாய்

சர்க்கரை 148. நேற்று என் சிநேகிதி ஒஃபேலியா கொடுத்த இனிப்பு ரொட்டியை முழுசாகத் தின்றுவிட்டேன், அதுதான்.

கிளினிக் நர்ஸ் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில் எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்றாள். எண்ணுக்குப் பக்கத்தில் இவ்வளவு கோடு போட்ட இடம் கிடக்கிறது. அதைச் சும்மா விட எனக்கு மனசு வராது. இந்த நாட்டுக்கு வரும் முன்பு, மிச்சோவாகானில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், சரி. ஆனால் அந்த ஐந்து வருடமும் கையெழுத்தில் முதல் ஆள் இந்தத் தோமித்திலாதான்.

பத்து மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். வெள்ளைக் கார், கழுத்தில் டை, கையில் எழுதுகிற அட்டை. டிவியை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். மூன்று முறை தட்டினான். பக்கத்து வீட்டு ஃபிதென்சியோவின் நாய் குரைத்துத் தள்ளியது. பிறகு கார் கிளம்பும் சத்தம்.

இழுத்து வந்து நிறுத்திய வண்டிவீடுகள் உள்ள இந்தக் குடியிருப்பில் முப்பத்தோரு வருடமாக இருக்கிறேன். அட்டையோடு வந்த ஒருவனும் இதுவரை நல்ல செய்தி கொண்டு வந்ததில்லை.

மூன்று மணிக்கு எல்லோரும் திராட்சைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு சலவை அறையில் வைத்துச் சொன்னேன். "அட்டைக்காரன் ஒருத்தன் சுத்துறான். தட்டினா திறக்காதீங்க. மூச்சுகூட விடாதீங்க." பெண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். என் பேச்சுக்கு இங்கே மரியாதை உண்டு.

செப்டம்பர் 12, வியாழன்

சர்க்கரை 139. அட்டைக்காரன் இன்றும் வந்தான். வரிசையாகத் தட்டிக்கொண்டே போனான். பாதிப் பேர் தோட்டத்தில். மீதிப் பேர் உள்ளே இருந்தும் திறக்கவில்லை. வடக்கு வரிசைக்காரர்கள் மட்டும் திறந்து பல்லைக் காட்டினார்களாம். அவர்களுக்கு யார் புத்தி சொல்வது.

எங்கள் வரிசையில் ஒரு கதவும் அசையவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

சர்க்கரை பார்க்கவில்லை. இன்று பார்க்கிற நாளா!

என் பேத்தி சித்லாலிக்கு நகராட்சியில் வேலை கிடைத்துவிட்டது. திட்டப் பிரிவாம். எந்த நிலத்தில் என்ன கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்கிற இடம். கழுத்தில் படம் போட்ட அட்டை மாட்டிக்கொண்டு என் முன்னால் சுற்றிக் காட்டினாள்.

"பாட்டி, ரொம்ப அலட்டிக்காதீங்க. கவுன்ட்டர்ல உக்காந்து விண்ணப்பம் வாங்கப்போறேன், அவ்வளவுதான்."

"கவுன்ட்டர் எந்தக் கட்டடத்துல இருக்கு?"

"சிட்டி ஹால்ல."

"அது போதும்."

ஃபிதென்சியோவிடம் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னேன். "இனிமே நகரத்துல ஒரு செங்கல் வைக்கணும்னாலும் என் பேத்திகிட்ட கேட்டுட்டுத்தான் வைக்கணும்." அவர் சொன்னார், "அப்போ என் கோழிக்கூட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கித் தாங்க, தோமித்திலா அம்மா." பொறாமை.

அக்டோபர் 15, செவ்வாய்

சர்க்கரை 190.

வாசல் கேட்டில் மஞ்சள் தாள் ஒட்டியிருக்கிறார்கள். நிலத்துக்காரக் கம்பெனி குடியிருப்பை மூட விண்ணப்பம் போட்டிருக்கிறது. ஐந்து மாடி அடுக்குவீடுகள், கீழே கடைகள். புது வேகப் பேருந்து எங்கள் சாலையில்தான் நிற்கப் போகிறதாம், அதனால் நிலத்துக்கு மதிப்பு வந்துவிட்டது. அந்தப் பேருந்து வேண்டும் என்று மூன்று வருடம் முன்பு முதல் கையெழுத்துப் போட்டது யார்? நான்.

வீடு எங்களுடையது, கீழே இருக்கிற மண் கம்பெனியுடையது. எடுத்துக்கொண்டு போ என்றால் எப்படிப் போவது? பெயர்தான் வண்டிவீடு. என் வீட்டுச் சக்கரங்களை என் கணவர் எவரிஸ்தோ உயிரோடு இருந்தபோதே கழற்றிவிட்டார். ஒரு சக்கரத்துக்குள் இப்போது புதினா வளர்கிறது.

ஒஃபேலியா அழுகிறாள். நான் அழவில்லை.

அக்டோபர் 16, புதன்

சித்லாலி வேலை முடிந்து வந்ததும் ஒரு கட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள். யார் கேட்டாலும் கொடுக்கிற தாள்தானாம், ரகசியம் இல்லை. ஆனால் அவளுடைய முகம் சரியில்லை.

"பாட்டி, இதுல நான் ஒரு வார்த்தை பேச முடியாது. நான் அங்க வேலை பாக்குறேன். பேசினா எனக்கும் கெட்டது, உங்களுக்கும் கெட்டது."

"சரி. படிச்சுக் காட்டலாம்ல?"

படித்தாள். குடியிருப்பை மூடினால் அங்கே இருப்பவர்களுக்கு வேறு இடம் தேடிக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் நகரத்தில் விதி இருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் காலி என்றால் அந்த விதி கிடையாது. கம்பெனி அனுப்பிய ஆள் செப்டம்பரில் வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்திருக்கிறான். மொத்தம் 84. காலி 51.

"எப்படிக் கண்டுபிடிச்சான்?" என்று கேட்டேன்.

"கதவத் தட்டிப் பாத்திருக்காங்க பாட்டி. ரெண்டு நாள் வந்திருக்காங்க. யாரும் திறக்கலன்னா காலி."

பட்டியலைக் காட்டினாள். நானே விரல் வைத்துத் தேடினேன். 35 காலி. 36 காலி. 37 காலி.

37 என் வீடு.

அக்டோபர் 17, வியாழன்

நான்தான். நான்தான் சொன்னேன் திறக்காதே என்று. ஐம்பத்தொன்றில் எத்தனை என் வாயால்? சித்லாலியிடம்கூடச் சொல்லவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

சர்க்கரை 201. நர்ஸ் பார்த்தால் திட்டுவாள், திட்டட்டும்.

மாதா கோயில் பூசை முடிந்து சலவை அறையில் கூட்டம். அறுபது பேர் இருக்கும். துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேலெல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். யார் எப்படி நம்மைக் காலி என்று எழுதலாம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவர் லஞ்சம் என்றார், ஒருவர் சதி என்றார். பேசாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். யாருக்குத் தெரியப் போகிறது?

எழுந்து சொல்லிவிட்டேன். "சதி இல்ல. நான். அவன் தட்டினப்போ நான் குளியலறையில ஒளிஞ்சிருந்தேன். அப்புறம் உங்களையும் திறக்க வேண்டாம்னு சொன்னேன்."

ஃபிதென்சியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்.

"தோமித்திலா அம்மா, உங்க பேச்சக் கேட்டு நான் என்னைக்காவது எதாவது செஞ்சிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? நானும் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தேன். அது என் சொந்த யோசனை."

ஒருத்தி நான் அலமாரிக்குள் என்றாள். இன்னொருத்தி பின்கதவு வழியாக ஓடிவிட்டேன் என்றாள். சிரிக்க ஆரம்பித்தவர்கள் நிறுத்தவில்லை. கடைசியில் என்னைத்தான் சிட்டி ஹாலுக்குப் போய் மறுபடி கணக்கெடுக்கச் சொல்லிக் கேட்கச் சொன்னார்கள். கெடுத்தவளே சரி செய்யட்டும் என்று ஒஃபேலியா சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

அக்டோபர் 24, வியாழன்

கல்யாணத்துக்குப் போடும் நீல உடையில் போனேன். டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். கவுன்ட்டரில் சித்லாலி. என் எண் வந்தது.

"வணக்கம். என்ன வேணும், சொல்லுங்க," என்றாள், என்னைத் தெரியாதவள் மாதிரி. காலையில் அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தவள் நான்.

"எங்க குடியிருப்புல தப்பாக் கணக்கெடுத்திருக்காங்க. மறுபடி எடுக்கணும்."

"இந்த விஷயத்த நான் பாக்க முடியாது. எங்க அதிகாரியக் கூப்பிடுறேன்." எழுந்து போனாள். போகும்போது காது சிவந்திருந்ததைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கினால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் காதுதான் சிவக்கும்.

அதிகாரி பெயர் ஓகாவா. ஐம்பது வயது இருக்கும், முழங்கால் வலி போல, உட்காரும்போது முகத்தைச் சுளித்தார். தாத்தா காலத்திலிருந்து பீச் பழத் தோட்டக்காரக் குடும்பமாம். எங்கள் தாய்மொழி நன்றாகவே பேசினார். நான் சொன்னதைக் கேட்டார். செப்டம்பர் பத்தாம் தேதி, காலை பத்து மணி என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"திராட்சை பறிக்கிற மாசத்துலயா?"

"ஆமா."

"காலைல பத்து மணிக்கா?"

தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. நகராட்சியே மறுபடி எண்ணும் என்றார். ஒரு தடவைதான், அதுவே கடைசி என்றார். பகலில் வருகிறேன் என்றார்.

"சாயங்காலம் வாங்க," என்றேன்.

"எங்க ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடும்மா."

"எங்க வீடெல்லாம் அஞ்சு மணிக்குத்தான் திறக்கும்."

டிசம்பர் பதினெட்டு, மாலை ஆறு மணி. எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

நவம்பர் 9, சனி

சர்க்கரை 155.

வீடு வீடாகப் போகிறேன். பாதிப் பேர் சரி என்கிறார்கள். பாதிப் பேருக்குப் பயம். சிலருக்கு இந்த நாட்டில் இருப்பதற்கான காகிதம் சரியில்லை, சிலருக்கு வீட்டில் இரண்டு குடும்பம், சிலருக்குக் காரணமே இல்லாத பயம். "பேரு கேப்பாங்களா? அட்டையில எழுதுவாங்களா?" பெயர் கேட்க மாட்டார்கள், ஆள் இருக்கிறாரா என்று மட்டும்தான் என்று சொல்கிறேன். "அப்படித்தான் சொல்வாங்க," என்கிறார்கள். முப்பத்தோரு வருடமாக நானே சொல்லிக் கொடுத்த பாடம். அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

61ஆம் எண் வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூடத்தானே போகிறார்கள் என்று. ஜன்னலில் பிள்ளைகள் ஒட்டிய காகித நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. இப்போது நிஜமாகவே காலி.

இன்னும் பத்துப் பேர் இப்படிப் போனால்?

டிசம்பர் 3, செவ்வாய்

சர்க்கரை 133!

துணி மடித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. ஒஃபேலியாவிடம் கேட்டேன், "வருஷத்துல என்னைக்கு நம்மாளுங்க தட்டினவங்க யாருன்னு கேக்காம கதவத் திறப்பாங்க?"

"போசாதாவுக்கு," என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

போசாதா என்றால் கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் பதினாறிலிருந்து ஒன்பது மாலை. சூசையப்பரும் மாதாவும் தங்க இடம் கேட்டு அலைந்த மாதிரி, மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு வீட்டு வாசல்களில் நிற்போம். பதினெட்டு மூன்றாம் நாள். ஓகாவாவைப் பாட்டுக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி அழைத்து வந்தால் யார் பயப்படுவார்கள்? வழக்கமாக மூன்று நான்கு வீட்டில்தான் நிற்போம். இந்த வருஷம் எண்பத்து நான்கிலும்.

"கால் போயிடும் தோமி," என்றாள்.

"போகட்டும்."

டிசம்பர் 18, புதன்

எழுதியே ஆக வேண்டும், கை இன்னும் குளிரில் விறைத்திருக்கிறது.

ஆறு மணிக்கு ஓகாவா வந்தார். நான் சொல்லிவிட்டபடி டை இல்லை. அட்டை இருந்தது. அவர் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தேன், அட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். நூறு பேர் கூட்டம். முதல் வீடு ஒஃபேலியாவுடையது. வாசலில் நின்று இடம் கேட்டுப் பாடினோம். உள்ளேயிருந்து ஒஃபேலியா குடும்பமே சேர்ந்து பாடியது. இடம் கிடையாது, போய்விடுங்கள் என்று. கதவு திறக்கவே இல்லை.

இரண்டாவது வீடு. அதே பாட்டு, அதே பதில். மூன்றாவது வீட்டில் ஒரு கிழவர் கதவைத் திறந்து, இடமில்லை என்று பாடிவிட்டுப் படாரென்று சாத்தினார்.

ஓகாவா என் பக்கம் குனிந்து, "அம்மா, மூணு வீட்டுலயும் மறுத்துட்டாங்களே. இத நான் எப்படி எழுதுறது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கம் அதுதானே! முதல் வீடுகள் மறுக்க வேண்டும், கடைசி வீடுதான் திறக்க வேண்டும். எல்லோரும் சின்ன வயதிலிருந்து செய்வதை ஒழுங்காகச் செய்கிறார்கள். இப்படியே போனால் எண்பத்து மூன்று வீடு மறுக்கும், ஒரு வீடு திறக்கும். இரண்டு வாரமாகத் திட்டம் போட்டவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

ஒஃபேலியா வீட்டுக்கு ஓடினேன். எழுபத்திரண்டு வயதில் ஓடினேன். ஜன்னலைத் தட்டிக் கத்தினேன், "அடியே, கதவத் திற!"

"பாட்டு இன்னும் முடியல தோமி!"

"பாட்டு கெடக்குது! இந்த வருஷம் எல்லா வீட்டுலயும் இடம் இருக்கு!"

திறந்தாள். ஐந்து பேர் வரிசையாகத் தெரிந்தார்கள், கைக்குழந்தையோடு. ஓகாவா எழுதினார். அதற்குள் ஃபிதென்சியோ சைக்கிளில் ஏறிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு. "மறுக்காதீங்க! யாரும் மறுக்காதீங்க! எல்லாரும் திறங்க!" அவருடைய நாய் பின்னாலேயே குரைத்துக்கொண்டு ஓடியது.

திறந்தார்கள்.

தெரு முழுக்க. நாங்கள் போய்ச் சேரும் முன்பே. எல்லாக் கதவிலிருந்தும் மஞ்சள் வெளிச்சம் மண்ணில் விழுந்து கிடந்தது. பெயர் கேட்பார்களா என்று நடுங்கிய பெண்கள் வாசலில் நின்று பழச்சாறு காய்ச்சிய பானையைக் காட்டி, உள்ளே வாங்க, உள்ளே வாங்க என்கிறார்கள். ஓகாவாவை ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டம்ளர் குடிக்க வைத்துவிட்டார்கள். நாற்பதாவது வீட்டில் "அம்மா, கழிப்பறை எங்க?" என்றார். அதையும் ஒரு வீட்டில்தான் காட்டினோம். ஆள் இருக்கிற வீடு என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி?

என் வீட்டு வாசலுக்கு வந்ததும் நானே உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, அவரைத் தட்டச் சொன்னேன். தட்டினார். முதல் தட்டிலேயே திறந்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

சர்க்கரை 236. ஒரு வார்த்தை பேசக் கூடாது யாரும்.

வீடுகள் 84. ஆள் இருப்பவை 81. காலி 3.

ஜனவரி 11, சனி

செவ்வாய்க்கிழமை நகரமன்றக் கூட்டம். கணக்கு சரியாகிவிட்டாலும், மூடலாமா கூடாதா என்று முடிவு செய்வது மன்றம்தான். ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசலாம். நான் ஆங்கிலத்தில் பேசப் போகிறேன். இரண்டு வாரமாக மனப்பாடம் செய்கிறேன். யாரும் என்னைப் படிக்காதவள் என்று நினைத்துவிடக் கூடாது.

சித்லாலி கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு பாட்டி. ஆனா அது நீங்க பேசுற மாதிரி இல்ல," என்றாள்.

பிறகு, "நான் எதுவும் சொல்லல, பின்பக்கத்துல அச்சடிச்ச விதியத்தான் படிக்கிறேன்," என்று கூட்டத் தாளைத் திருப்பிப் படித்தாள். மொழிபெயர்ப்பாளரோடு பேசுகிறவர்களுக்கு நேரம் இரண்டு மடங்கு. நான்கு நிமிடம்.

யோசிக்கிறேன். கௌரவமா, கூடுதலாக இரண்டு நிமிடமா?

ஜனவரி 15, புதன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கம்பெனி வக்கீல் முதலில் பேசினார். பழைய குடியிருப்பு, வீடுகள் இழுத்துச் செல்லக் கூடியவை, நகரத்துக்குப் புது வீடுகள் தேவை. நல்ல குரல். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆங்கிலத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, மொழிபெயர்க்கும் பெண்ணைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்.

"உங்க தாள்ல பதினாலாம் பக்கத்துல முப்பத்தேழாம் நம்பர் வீடு காலின்னு போட்டிருக்கு. அந்தக் காலி வீடு நான்தான்."

மொழிபெயர்க்கிற பெண் என்னைப் பார்த்தாள். "நீங்களா?"

"ஆமாம்மா, அப்படியே சொல்லு."

சொன்னாள். சபையில் யாரோ சிரித்தார்கள்.

"அன்னைக்குக் காலைல நான் குளியலறையில ஒளிஞ்சிருந்தேன். அது என் தப்பு. ஒத்துக்கிறேன். மத்தவங்க எங்க இருந்தாங்க தெரியுமா? நீங்க கேக்குல போடுற திராட்சையக் காயப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. திராட்சை மாசம் பத்து மணிக்கு வந்து எங்கள எண்ணுறது, ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போயி பிள்ளைங்கள எண்ணுற மாதிரி."

இப்போது மன்றத் தலைவியே சிரித்தார். விளக்கு பச்சையாகவே இருந்தது. நேரம் இருந்தது!

"வீடு கட்டாதீங்கன்னு நான் சொல்லல. என் மகனே ரெண்டு குடும்பமா ஒரு வீட்டுல நெருக்கிக்கிட்டு இருக்கான். கட்டுங்க. எங்களுக்கு எதிர்ப் பக்கம், மூடிப்போன பெரிய கடையோட கார் நிறுத்துற இடம் ஆறு வருஷமாக் கிடக்கு. அதுக்கும் அதே பேருந்துதான். அங்க போயித் தட்டிப் பாருங்க. அதுதான் காலி. அங்க எந்தக் கிழவியும் குளியலறையில ஒளிஞ்சிருக்கல."

சபை முழுக்கக் கைதட்டல். தலைவி சுத்தியலால் தட்டி அமைதி அமைதி என்றார், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரிப்பா, வேறு எதாவதா, தெரியாது.

ஓட்டு. மூடும் விண்ணப்பத்துக்கு ஆதரவு ஒன்று. எதிர்ப்பு நான்கு. குடியிருப்பு அப்படியே இருக்கும். எங்கள் குடியிருப்பு நிற்கிற நிலத்தில் வண்டிவீடுகள் மட்டும்தான் என்று நகர வரைபடத்திலேயே குறிக்கச் சொல்லித் தனியாக ஒரு தீர்மானமும் போட்டார்கள். ஜெயித்துவிட்டோம்! ஃபிதென்சியோ தொப்பியைக் கூரைக்கு எறிந்தார், அது வக்கீல் மடியில் போய் விழுந்தது.

சித்லாலி கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். கை தட்டவில்லை, அவள் தட்டக் கூடாது. காது மட்டும் நெருப்பு மாதிரி சிவந்திருந்தது. வெளியே வந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓகாவாவிடம், "சார், இவங்க எங்க பாட்டி," என்றாள்.

"முதல் நாளே தெரியும்," என்றார் அவர். "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

ஏப்ரல் 8, செவ்வாய்

சர்க்கரை 127. நர்ஸ் தன் கையால் நட்சத்திரம் போட்டாள்.

61ஆம் எண்ணில் ஒஃபேலியாவின் மகள் குடி வந்துவிட்டாள். காகித நட்சத்திரத்தை எடுக்கவில்லையாம். எதிர்ப் பக்கம் பழைய கடையின் தார்த் தரையை உடைக்கிறார்கள், காலையிலிருந்து ஒரே சத்தம். அந்தச் சத்தத்திலும் கதவு தட்டியது கேட்டது. பத்து மணி இருக்கும். அடுப்பில் பீன்ஸ் இருந்தது, அப்படியே போய்த் திறந்தேன். திறந்த பிறகுதான் பார்த்தேன், டை கட்டிய ஆள், அட்டை.

தெருவிளக்கு போடப் போகிறார்களாம். எந்த இடத்தில் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்கிறார். ஃபிதென்சியோ ஜன்னலுக்கு நேராகப் போடாதீர்கள், விடிந்துவிட்டது என்று அவருடைய கோழி எந்நேரமும் கூவும் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினார். பிறகு, "உங்க பேரு எப்படிம்மா எழுதணும்?" என்று கேட்டார்.

"அட்டைய இங்க குடுங்க," என்றேன்.

முழுப் பெயரையும் எழுதினேன். கோடு தாண்டாமல், எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி.